திருகோணமலையின் போர்க்கால மணிக்கூடுகள்

பழைய இராணுவக் கைக்கடிகாரம் சேர்ப்பவர்களோடு எங்கே போய்ப் பேசினாலும், பேச்சு சீக்கிரமே பன்னிரண்டு பெயர்களில் வந்து நிற்கும். புரென், சைமா, எடெர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., யேகர் லெகூல்த், லெமானியா, லொஞ்ஜின், ஒமேகா, ரெக்கோர்ட், டைமோர், வெர்டெக்ஸ் என்பன அவை. கறுப்பு முகப்பு, இருட்டில் ஒளிரும் எண்கள், ஆறு மணி இடத்தில் சின்ன விநாடி வட்டம், நீர் புகாத கூடு, இலகுவில் உடையாத கண்ணாடி, பதினைந்து கல் பதித்த இயந்திரம் என்று பிரித்தானிய அரசு வகுத்துக் கொடுத்த ஒரே திட்டத்துக்கு அமைய, இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் இந்தப் பன்னிரண்டு நிறுவனங்களும் கைக்கடிகாரம் செய்து கொடுத்தன. 1967இல் வந்த ஹொலிவூட் படமொன்றின் பெயரைச் சேகரிப்போர் பின்னாளில் இவற்றுக்குச் சூட்டினார்கள். இன்று 'டர்ட்டி டசின்' என்றால்தான் வியாபாரிக்குப் புரியும். பன்னிரண்டையும் ஒரு பெட்டியில் அடுக்கிவிட வேண்டுமென்று வாழ்நாள் முழுக்க அலைபவர்கள் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் வந்த கிரானா ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை எங்கோ போய்விடுகிறது. இதற்கு அப்பால் உள்ள படை மணிக்கூடுகள் எல்லாம் அறியப்படாதவை, இரண்டாந்தரமானவை என்று ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தைப் பொறுத்தவரை இந்தத் தரவரிசை தலைகீழானது என்பதே என் வாதம். பாலையூற்றிலோ சீனன்குடாவிலோ ஏதோவொரு வீட்டு மேசை லாச்சியில் பெயர் தெரியாத ஒரு பழைய மணிக்கூடு கிடந்து, அதன் பின்மூடியில் அம்புக்குறி பதிந்திருந்தால், இந்த ஊரின் போர்க்காலத்தைப் பற்றிச் சொல்ல அந்தப் பன்னிரண்டையும் விட அதற்கு அதிகம் இருக்கிறது.

முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். இத்துறைமுகத்தின் போர் 1942இல் உச்சம் கண்டது. ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில், திருகோணமலை மீது விமானங்களை அனுப்பின. சீனன்குடா விமானத்தளமும் கடற்படைத் துறையும் குண்டுக்கு இலக்காயின. எண்ணெய்க் குதத்தின் தாங்கியொன்று விமானம் மோதி எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சகேங் என்ற கப்பல் தீப்பற்றியது. பிறகு இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று அங்கேயே அமிழ்த்தப்பட்ட அந்தக் கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல்தான் மேலே தூக்கியது. தாக்குதலுக்கு முந்திய இரவில் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் பிரித்தானியக் கீழைக் கப்பற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கி, 1944 தொடக்கத்தில் மீண்டும் திருகோணமலைக்கு வந்தது. அந்த ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்ட கப்பல் வரிசையில் பிரித்தானியரோடு அமெரிக்காவின் சரட்டோகா, பிரான்சின் ரிஷ்லியூ, ஒல்லாந்தின் ட்ரோம்ப் ஆகியவையும் இருந்தன. இப்போது அந்தப் புகழ்பெற்ற பன்னிரண்டுக்குத் திரும்பினால், அவை படைக்கு வந்து சேர்ந்த ஆண்டு 1945. அவற்றில் பெரும்பகுதி போர் முடிந்த பிறகே கைகளுக்குப் போனது. கடைசி மாதங்களில் ஒருசில இங்கே வந்திருக்கலாம். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் இத்துறைமுகத்தில் அவற்றில் ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. சபாங்குக்குப் போனவர்கள் கையிலும் அவை இல்லை.

அப்படியானால் அந்தக் காலை கையில் இருந்தது எது? பிரித்தானியத் தரைப்படைக்குப் போர் தொடங்கிய காலத்தில் சொந்தத் திட்டத்தில் மணிக்கூடு செய்விக்க நேரம் இருக்கவில்லை. சுவிஸ் கடைகளில் சாதாரண மக்களுக்கு விற்ற மாதிரிகளையே மொத்தமாக வாங்கி, பின்மூடியில் ஏ.டி.பி. என்ற மூன்று எழுத்தையும் அரச சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியையும் ஒரு தொடர் இலக்கத்தையும் வெட்டிக் கொடுத்தார்கள். இராணுவத்துக்கான வணிக மாதிரி என்பதே அந்த எழுத்துகளின் விரிவு. எனிகார், எபெல், லியோனிடாஸ், மோரிஸ், ரெவியூ, ரோட்டரி, யுனிட்டாஸ், கோர்டெபேர் என்று இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இந்த வகையில் வருகின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் வியப்பாக இருப்பது அதன் சிறுமை. குறுக்களவு ஏறத்தாழ மூன்று சதமமீற்றர்தான். இன்றைய ஆணின் மணிக்கட்டில் பிள்ளையின் மணிக்கூடு போல நிற்கும். முகப்பு பெரும்பாலும் வெள்ளை அல்லது வெள்ளிநிறம். குரோம் பூச்சு வியர்வையில் தேய்ந்து, பட்டி கோக்கும் காதுகளின் உட்பக்கத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். பட்டி செருகும் கம்பி கூட்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருப்பதால் கழற்ற வராது. துணிப்பட்டியை ஒரு பக்கம் நுழைத்து முதுகுக்குக் கீழாக இழுத்து மறுபக்கம் எடுக்க வேண்டும். கம்பி தெறித்து மணிக்கூடு தொலையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜி.எஸ்.டி.பி. என்ற எழுத்துள்ள சட்டைப்பை மணிக்கூடுகளும் ஏராளமாக வழங்கப்பட்டன. விமானப்படைக்கு வேறு இலக்கம்: 6பி/159 என்று வெட்டிய பின்மூடி அவர்களுடையது. போரின் நடுவில் திருகோணமலையில் நேரம் பார்த்தவர்கள் பார்த்தது இந்த வகைகளைத்தான். இன்று சந்தையில் மலிவாகப் போவதும் இவைதான்.

கடற்படையின் கதை இன்னும் நுட்பமானது. கப்பலில் நேரம் என்பது சாப்பாட்டு மணி அறிவதற்கு மட்டும் இல்லை. இடம் அறிவதற்கும் அதுதான் வழி. பூமி ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம் எடுக்கிறது. ஆகவே கடிகாரத்தில் நான்கு விநாடி பிழைத்தால், நிலநடுக்கோட்டுக்கு அருகான இந்தக் கடலில், கப்பலின் நெடுங்கோட்டுக் கணக்கு ஏறத்தாழ ஒரு கடல்மைல் பிழைக்கும். அதனால் கப்பலின் தலைமைக் காலமானி ஆடாமல் அசையாமல் கீழ்த்தளத்துப் பெட்டியிலேயே இருக்கும். அதை யாரும் தூக்கித் திரிவதில்லை. அதோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்ட ஒரு சிறு மணிக்கூட்டைத்தான் மேல்தளத்துக்கு எடுத்துப்போய், சூரியனையோ நட்சத்திரத்தையோ அளக்கும் கணத்தில் விநாடியைப் படிப்பார்கள். தள மணிக்கூடு என்று சொல்லத்தக்க இவற்றின் பின்மூடியில் எச்.எஸ். என்ற எழுத்தும் அம்புக்குறியும் தரத்தைக் காட்டும் ஓர் எண்ணும் இருக்கும். நீரியல் சேவை இவற்றின் உரிமையாளர். கிரீனிச் வானாய்வகம் சோதித்துச் சான்று சொல்லும் இடம். ஒவ்வொரு காலமானியும் எந்தக் கப்பலுக்குப் போனது, எப்போது திரும்பியது, எவ்வளவு பிந்தியது என்று கிரீனிச்சில் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த பேரேடுகள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பொருளின் வரலாற்றை அதன் இலக்கத்தை வைத்தே பின்தொடரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. படை மணிக்கூட்டின் உயிர் அதன் நிறுவனப் பெயரில் இல்லை, பின்மூடி இலக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்வதன் அடிப்படையும் இதுதான். அது யாருக்கும் பரிசாகக் கொடுக்கப்பட்டதில்லை. களஞ்சியத்திலிருந்து கையெழுத்து வைத்து வாங்கி, திரும்ப ஒப்படைக்க வேண்டிய அரச சாமான் அது.

அந்த மணிக்கூடு காட்டியது யாருடைய நேரத்தை என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. 1906 முதல் இலங்கையின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே இருந்தது. போரை முன்னிட்டு 1942 ஜனவரியில் அதை அரை மணி முன்தள்ளினார்கள். அந்த செப்டம்பரில் இன்னும் அரை மணி. பழைய நேரம் 1945 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. ஏப்ரல் 9 ஆம் திகதி சீனன்குடாவில் ஒருவர் கையில் காலை ஏழு மணி என்றால், அது கிரீனிச்சில் இரவு ஒரு மணி. மேலே வந்துகொண்டிருந்த யப்பானிய விமானியின் மணிக்கூட்டில் அதுவே பத்து மணி. யப்பானியப் படை உலகின் எந்த மூலையிலும் தோக்கியோ நேரத்தையே கடைப்பிடித்தது. அன்றைய தாக்குதலைப் பற்றிய குறிப்புகளில் நேரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எந்தப் பதிவேடு எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் கட்டுரை எழுதியவர்கள் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நேரத்தை ஆட்சி தீர்மானிக்கிறது என்பது போரோடு முடிந்த கதையும் இல்லை. 1996இல் கொழும்பு அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்த நேரத்தை முன்தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006இல் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி மாறியது. மணிக்கூட்டைச் சேர்ப்பவர் இதையும் சேர்த்து அறிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் கையில் இருப்பது நகையாகிவிடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெள்ளைக்காரனின் படை மணிக்கூட்டைத் தமிழர் ஏன் தேடித் திரிய வேண்டும்? எண்ணெய்க் குதத்தில் உருக்குத் தகடு தூக்கியவரும், கப்பலில் நிலக்கரி ஏற்றியவரும், துறைமுகத்தில் கயிறு இழுத்தவரும் வேறு ஆட்கள்; அவர்களுக்கும் இந்த மணிக்கூட்டுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இல்லை என்பதுதான் பதில், அதுவே வரலாறும். படையிலும் எல்லோருக்கும் மணிக்கூடு கொடுக்கப்படவில்லை. அதிகாரி, சமிக்ஞைக்காரர், பீரங்கிப் பிரிவினர் என்று யாருடைய வேலைக்கு நிமிடம் தேவையோ அவருக்கே களஞ்சியம் வழங்கியது. குழாய் இழுத்த கூலியாளின் கைக்கு ஏ.டி.பி. வந்திருக்க வழியே இல்லை. ஒரு துறைமுகத்தில் யாரை நம்பி நேரத்தைக் கொடுத்தார்கள், யாருக்கு நேரத்தை உத்தரவாக மட்டும் கொடுத்தார்கள் என்பதை இந்தச் சின்ன உலோகத் துண்டு காட்டுகிறது. அதோடு 'வெள்ளைக்காரனின் படை' என்ற சொல்லும் பாதி உண்மைதான். 1942இல் இலங்கையைக் காக்க நிறுத்தப்பட்டவர்களில் 34ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷனும் கிழக்காபிரிக்கப் படையணியும் இருந்தன. கரையோரப் பீரங்கிகளில் இலங்கையர் இருந்தார்கள். இந்தியப் படையோடு வந்த மணிக்கூட்டு மரபோ தனி மரபு. 1886இல் பம்பாயில் கால்பதித்த வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பனி சுவிசில் செய்வித்து இந்தியாவில் விற்றது. குதிரைப்படை வீரரின் பெயரால் வந்த அதன் 'சவார்' முதல் உலகப் போரிலேயே இந்தியச் சிப்பாய்களிடம் பெயர் பெற்றிருந்தது. இந்தியக் களஞ்சியத்தின் சி.எஸ்.(ஐ) முத்திரையுள்ளவை தனி வகை. இலண்டன் ஏலப் பட்டியல்களில் ஓரத்தில் நிற்கும் இவைதான் நம் பக்கத்துப் படைவீரரின் கைக்கு மிக அருகில் வந்தவை.

இந்த வரிசை சுதந்திரத்துக்குப் பின்னும் நீள்கிறது. பெங்களூரில் 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. மணிக்கூடு செய்யத் தொடங்கியது. அதன் 'ஜவான்' மாதிரி இந்தியப் படைவீரரை மனதில் வைத்தே வந்தது. 1987இல் இந்திய அமைதிப்படை இத்தீவில் இறங்கி, 1990 மார்ச்சில் அதன் கடைசி அணி திருகோணமலையிலிருந்துதான் கப்பலேறியது. அந்தப் படையைப் பற்றிய நம் நினைவு கசப்பானது; நியாயமாகவே கசப்பானது. ஆனால் கசப்பான நினைவுக்கும் சான்றுப்பொருள் வேண்டும். எச்.எம்.டி.யின் மணிக்கூட்டுத் தொழிலை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்த பிறகு ஜவானுக்கும் சேகரிப்போர் மத்தியில் திடீர் மவுசு வந்திருக்கிறது. அதோடு போலியும் பெருகியிருக்கிறது.

அடுத்த மறுப்பு தரத்தைப் பற்றியது. அந்தப் பன்னிரண்டை உயர்த்திப் பிடிப்பவர்கள் சொல்வது இது: அவை ஒரே திட்டத்துக்கு அமைந்தவை, சோதிக்கப்பட்டவை, நீர் புகாதவை, ஏ.டி.பி. போன்றவையோ அவசரத்தில் வாங்கிய கடைச் சரக்கு, உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காதவை. தொழில்நுட்பக் கணக்கில் இது முழுக்கச் சரி. வாங்கிக் கட்டிக்கொண்டு நடமாட ஒன்று வேண்டுமென்றால் 1945 வரிசைதான் சிறந்தது. ஆனால் அந்தத் திட்டமே ஏன் பிறந்தது? முந்தியவை களத்தில் தோற்றதால்தான் நீர் புகாத கூடு என்ற நிபந்தனை வந்தது. துருப்பிடித்த முட்களும் ஈரம் ஏறிக் கறுத்த முகப்பும் பழுதுபட்ட பொருளின் அடையாளம் என்று வியாபாரி விலை குறைப்பார். வரலாறு படிப்பவருக்கு அவை மழையும் உப்பும் வியர்வையும் எழுதிய பதிவு. தோற்ற பொருள் மிஞ்சியிருப்பது அரிது. அரிதென்பதே விலைக்குக் காரணமென்றால், இந்தக் கரையின் போரைப் பார்த்துவிட்டு மிஞ்சிய ஓர் ஏ.டி.பி. கிரானாவுக்குச் சளைத்ததில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அம்புக்குறி அரசின் உரிமையைத்தான் சொல்கிறது, ஊரைச் சொல்லவில்லை. ஓர் ஏ.டி.பி. திருகோணமலையில் இருந்ததா, துப்ருக்கில் இருந்ததா, இங்கிலாந்தின் களஞ்சியத்தை விட்டு வெளியே வரவே இல்லையா என்று பின்மூடியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆகவே 'திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பயன்பட்டது' என்று கதை சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். ஹெர்மிசிலிருந்து வந்தது என்று ஒருவர் காட்டினால் அதைத் தொடவே வேண்டாம். பொய்யென்றால் மோசடி, மெய்யென்றால் இறந்தவர்களின் கல்லறையைக் கிண்டி எடுத்த பொருள். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. பொருள் தானாக ஊரைச் சொல்லாது என்பதால்தான், அது கிடந்த வீடும் அந்த வீட்டார் சொல்லும் கதையும் பொருளோடு சேர்ந்து பதியப்பட வேண்டும். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாலையூற்று போன்ற, பட்டினத்தை ஒட்டிய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இலண்டன் வியாபாரியிடம் கிடைக்காத ஒரே சான்று, இந்த மணிக்கூடு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற விபரம், அவர்களிடம்தான் இருக்கிறது.

அதனால் புதுப்பித்தலைப் பற்றி ஒரு கடுமையான சொல் சொல்லியே ஆகவேண்டும். இந்தியாவில் பழைய வெஸ்ட் எண்டையும் ஜவானையும் கழற்றி, முகப்பைச் சுரண்டிப் புது வண்ணம் அடித்து, கிடைத்த முள்ளைப் பொருத்தி ஏற்றுமதி செய்யும் தொழில் நடக்கிறது. சேகரிப்போர் அதை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். முகப்பு மாற்றுவது தவறென்றால் பிரித்தானிய அரசே அதைச் செய்ததே என்று கேட்கலாம். உண்மைதான்: போருக்குப் பின் 1945 வரிசையில் பலவற்றின் ஒளிரும் முகப்பைப் படைப் பட்டறைகளே கழற்றி வேறு முகப்பு வைத்தன. ஒல்லாந்தர் வழியாக இந்தோனேசியாவுக்குப் போன சிலவற்றில் அந்நாட்டுத் தரைப்படையின் ஏ.டி.ஆர்.ஐ. எழுத்தும் ஏறியிருக்கிறது. ஆனால் படை செய்த மாற்றம் அந்த மணிக்கூடு பணியிலிருந்த காலத்தின் ஒரு பகுதி. அது தன் அடையாளத்தை விட்டே செல்கிறது. விற்பனைக்காகச் செய்யும் பூச்சு இருந்த அடையாளத்தை அழிக்கிறது. அழித்தபின் திரும்ப வராது.

ஆபத்தும் உண்டு. அக்கால ஒளிரும் எண்கள் ரேடியம் கலந்த பூச்சு. இருட்டில் இப்போது ஒளிராது என்பதால் கதிர்வீச்சு நின்றுவிட்டது என்று நினைப்பது தவறு. மங்கியது ஒளிரும் பொருள்தான், ரேடியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் செல்லும். மூடியபடி கண்ணாடிக்குள் இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. பூச்சு உதிர்ந்த தூளைச் சுவாசிப்பதும் விழுங்குவதுமே கெடுதி. வீட்டில் திறக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், படுக்கையறை அலுமாரியில் பலவற்றைச் சேர்த்துப் பூட்டி வைக்காதீர்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் யாரிடமாவது இப்படியொன்று இருந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். பின்மூடியை மினுக்க வேண்டாம். மினுக்கினால் முதலில் அழிவது இலக்கம்தான். அம்புக்குறியும் எழுத்தும் இலக்கமும் தெளிவாகத் தெரியப் படமெடுங்கள். அது யாரிடமிருந்து எப்போது வந்தது, அவர் எங்கே என்ன வேலை செய்தார் என்று வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு மணிக்கூட்டோடு வையுங்கள். அந்தத் தாளின் பிரதியொன்றை ஊர்ப் பாடசாலை நூலகத்திலும் கொடுத்து வையுங்கள்.